வாய்க்கால் கரையில் தம்பி

உள்ள போயிருக்கறது என்ற தம்பிங்க. நான் கூட வந்தவன். எனக்குக் கண்ணு நல்லா இருக்குது. அந்தச் செவுத்துல மாட்டியிருக்கற அட்டையில கடைசி வரி வரைக்கும் இங்கிருந்தே படிப்பேன். நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? அம்மாவுக்கா. சரி, சரி. பையை மடியில வெச்சுக்குங்க, கீழ வெக்காதீங்க. இந்த மாதிரி எடத்துல யாரு எதுக்கு வந்து உக்காந்திருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும்.

ஊருங்களா? ஈரோட்டுக்குத் தெக்கால, காலிங்கராயன் வாய்க்கா பாசனத்துல. ஊர் பேரு எதுக்குங்க உங்களுக்கு, வாய்க்காலுன்னு சொன்னாப் போதும். என்ற பேரு சென்னியப்பன். தம்பி நாச்சிமுத்து, என்னைவிட ஆறு வருசம் எளையவன். ஒம்பது வருசம் நாங்க ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தமுங்க. மறுக்காப் பேச வெச்சது ஒரு நாள் சைக்கிள்ல போனதுதான். சொல்றேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு அந்த நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்குது. அது ஒண்ணுன்னா ரெண்டுன்னு வெச்சுக்குங்க.

என்ன சண்டைன்னு கேப்பீங்க. எங்கய்யன் உட்டுட்டுப் போன வயலு வாய்க்காலுக்குக் கீழ இருந்துது. மேல் பாதி எனக்கு, கீழ் பாதி அவனுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம். மதகுல இருந்து தண்ணி என்ற வயல் ஓரமா ஒரு சின்ன வாய்க்கால்ல வந்துதான் அவன் வயலுக்குப் போகோணும். வேற தடம் இல்லை. ஒரு வருசம் ஐப்பசி மழையில அந்தச் சின்ன வாய்க்கா இடிஞ்சு மூடிக்கிச்சு. நண்டு வளை வேற. ஊரே வந்து பாத்துது. எடுத்து உடலாம்ணான்னு தம்பி கேட்டான். என்ற மஞ்சளுக்குள்ள தண்ணி ஊறிக் கெழங்கு அழுகுது, இந்த வெள்ளாமை முடியட்டும்னு சொன்னேன். அடுத்த வெள்ளாமையும் அப்படியே போயிருச்சு. அதுக்குள்ள அவன் என்ன பண்ணினான் தெரியுங்களா? சொந்த அண்ணன் கல்லு மாதிரி நான் ஒருத்தன் இருக்கறப்ப, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லாம, வயலை டவுன்காரன் எவனுக்கோ வித்துட்டு பவானிக்குக் குடி போயிட்டான். அங்க ஒரு ஜமக்காளக் கடையில வேலை. வயல்ல இப்பக் கல்லு நட்டு சைட்டு போட்டிருக்காங்க. தப்பு யாரு மேலங்க, நீங்களே சொல்லுங்க. வேண்டாம், இப்பச் சொல்ல வேண்டாம், முழுசாக் கேளுங்க.

போன தையில, பொங்கல் நோம்பி கழிஞ்ச வாரம், போன் வந்துது. அவன் கொரலு. அண்ணா, நல்லா இருக்கீங்களான்னான். இருக்கறேன்னேன். ஒரு நாளைக்கு வாய்க்கா கரையிலயே சைக்கிள்ல போலாமா, அணைக்கட்டுல இருந்து நம்மூர் மதகு வரைக்கும், இத்தன வருசம் அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தோம், அது வர்ற வழிய ஒரு நாளும் நாம பாத்ததில்லைன்னான். சமதளம்தான், மேடே கெடையாது, காலையில நேரமாக் கெளம்பினா மெதுவா மிதிச்சு சாயங்காலம் போயிறலாம்னான். சைக்கிளு ரெண்டும் அவனே பாத்து வெக்கறானாம். போனை வெக்கறதுக்கு முன்னால இன்னொண்ணு சொன்னான். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்கண்ணா.

எனக்குச் சுருக்குனு இருந்துதுங்க. ஒம்பது வருசம் கழிச்சுக் கூப்புடறவன் வெள்ளைச் சட்டையப் பத்தி எதுக்குப் பேசறான்? போட்டோ புடிக்கறதுக்கு. போட்டோ எதுக்கு? பத்தரத்துல ஒட்டறதுக்கு. இல்லைன்னா எவன்கிட்டயோ காட்டி, பாரு எங்கண்ணனும் நானும் ஒண்ணாத்தான் இருக்கறோம்னு சொல்லறதுக்கு. ஊட்டுல என்ற சம்சாரம் துளசிமணிகிட்டச் சொன்னேன், என்னமோ கையெழுத்து வாங்கப் பாக்கறான்னு. அவ போயிட்டு வாங்கன்னு மட்டும் சொன்னா. அவ அவ்வளவு சுலுவா எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டா. அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துது. இருந்தாலும் போனேன். என்னதான் பண்றான்னு நேர்ல பாத்துரலாம்னு போனேன். வெள்ளைச் சட்டையும் போட்டுட்டுத்தான் போனேன், போடலைன்னா நான் கண்டுபுடிச்சிட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும் பாருங்க.

ஏழு மணிக்கு அணைக்கட்டுல நிக்கறான். கூட அவன் சம்சாரம் கலாமணி. அது எதுக்கு வந்துது? சைக்கிள்ல போறது நாங்க ரெண்டு பேரு. அது ஒரு பையை அவன் ஹேண்டில்ல மாட்டி, கயித்தை ரெண்டு தரம் இழுத்துப் பாத்துது. அப்பறம் என்னைப் பாத்து, மாமா, பாத்துக் கூட்டிட்டுப் போங்கன்னுது. அம்பத்தொம்பது வயசு ஆளை நான் என்ன பாத்துக் கூட்டிட்டுப் போறது? சரின்னு தலையாட்டினேன். அந்தப் பையைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

கெளம்பறப்பவே சொல்லிட்டான், நீங்க முன்னால போங்கண்ணா, நான் உங்க பின்னாலயே வர்றேன். எப்பவுமே முன்னால ஓடறவனுங்க அவன். சின்ன வயசுல இருந்து அப்படி. இன்னைக்கு எதுக்குப் பின்னால வரணும்? நான் வேகமாப் போனா அவனும் வேகமா வர்றான், மெதுவாப் போனா மெதுவா வர்றான். சரியா ஒரு வண்டி நீளம், அதுக்கு மேலயும் இல்லை கீழயும் இல்லை. முதுகு கூசுதுங்க. போலீஸ்காரன் பின்னால வர்ற மாதிரி.

இதோட கேள்வி வேற. அண்ணா, அந்தப் பக்கம் என்ன வெள்ளாமை? வாழை. இந்தப் பக்கம்? கரும்பு. தண்ணி கரை தொட்டுப் போகுதா? தொட்டுத்தான் போகுது. வாய்க்கா இங்க வளையுதா? இது வளையாத எடம் எங்க இருக்குது, பாம்பு போன தடத்துலயே வெட்டுனதுன்னு சொல்லுவாங்க, பத்தடிக்கு ஒருக்காத் திரும்பும். கண்ணு முன்னால இருக்கறதை எதுக்குடா என்னைக் கேக்கறேன்னு மனசுக்குள்ள நெனச்சேன். நிலம் வாங்கி விக்கற புரோக்கர் எவனோடயாவது சேந்துட்டானா, என்ற வாயால வெவரம் வாங்கறானான்னு தோணுச்சு. அதுக்கப்பறம் ரெண்டு எடத்துல வேணும்னே மாத்திச் சொன்னேன். மஞ்சக்காட்டைக் காட்டி நெல்லுன்னேன். அவனும், ஓ நெல்லான்னு கேட்டுக்கிட்டான். பாருங்க, மஞ்சளுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? என்னை மடக்கறதுக்குத்தான் தெரியாத மாதிரி நடிக்கறான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஈரோட்டு டவுனு தாண்டி ஒரு கடையில டீ குடிச்சோம். கடைக்காரர் கிளாஸை நீட்டறாரு, இவன் கைய வேற பக்கமா நீட்டறான். டீ கொட்டிப் போச்சு. எதுத்தாப்பல எங்கூரு ஆளு ஒருத்தரு பைக்குல உக்காந்து, என்னப்பா நாச்சிமுத்துன்னு கையக் காட்டினாரு. இவன் திரும்பியே பாக்கலை. அவரு மொகம் சுண்டிப் போயிருச்சு. ஊர்க்காரனையே கண்டும் காணாத மாதிரி இருக்கறான்னா, நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் பாத்ததுக்குச் சாட்சி இருக்கக் கூடாதுன்னு நெனக்கறான்னுதானே அர்த்தம்? நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

மத்தியானம் ஒரு புளியமரத்தடியில சைக்கிளை நிறுத்தினோம். பையில இருந்து சோத்து டப்பாவை எடுத்தான், தக்காளிச் சோறு. நீ முதல்ல சாப்புடுன்னேன். அவன் நாலு வாய் சாப்பிட்டதுக்கப்பறம்தான் நான் கை வெச்சேன். சிரிக்காதீங்க, இந்தக் காலத்துல எதுவும் நடக்கும். டப்பாவை எடுக்கறப்ப உள்ள பாத்துட்டேன். நீலக் கலர்ல ஒரு ஃபைலு. உள்ள காயிதம் நெறைய. சோறு தின்னுட்டே அவன் காலிங்கராயன் கதையைச் சொன்னான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வாய்க்கா வெட்டினவரு, தனக்கோசரம் வெட்டிக்கிட்டான்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு, நானும் என்ற வம்சமும் இந்தத் தண்ணியத் தொட மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டு ஊரை உட்டே போயிட்டாருன்னு சொல்லுவாங்க இல்லீங்களா. எனக்குப் பள்ளிக்கூடத்துல கேட்டப்ப இருந்தே அது ஒத்து வரலை. ஒண்ணும் இல்லாம ஒருத்தன் அத்தன வருசம் மண்ணு வெட்டுவானா? எங்கயோ இடிக்குது. இவன் அதை இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்றான்? சத்தியம், தண்ணி, அண்ணன் தம்பி. சுத்தி வளைச்சு ஃபைலுக்குத்தான் வர்றான். எடுடா பாக்கலாம்னு இருந்தேன். அவன் எடுக்கலை. கையக் கழுவிட்டு, போலாமாண்ணான்னான்.

அதுக்கப்பறம் எனக்கு வழியெல்லாம் அந்த ஃபைலுதான். வித்தது வித்ததுதான், இனி எங்கிட்ட என்ன வேணும்? தண்ணி உடலைன்னுதான் வித்தேன்னு கேசு போடப் போறானா? அப்பத் தண்ணி போற வழியெல்லாம் என்னையக் கேட்டது அதுக்குத்தானா? இப்படியே போயிட்டு இருக்கறேன். தடம் மண்ணு தடம், வலது கைப்பக்கம் வாய்க்கா. ஒரு எடத்துல தடத்துக்குக் குறுக்க சின்னப் பாலம், ரெண்டு கல்லு போட்டு மூடினது. அதுல ஒரு கல்லு உள்ள போயிருச்சு. ரெண்டு சாண் அகலம் ஓட்டை. நான் பாத்துட்டேன். ஹேண்டிலை ஒடிச்சு ஓரமா வந்துட்டேன்.

குழின்னு ஒரு வார்த்தை வாயில வந்து நின்னுதுங்க. ஒரே ஒரு வார்த்தை. நான் சொல்லலை. அவனுக்குக் கண்ணு இல்லையா, பாத்து வரட்டும்னு நெனச்சேன். சத்தியமா, இதே வார்த்தைதான் நெனச்சேன்.

சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா முன் சக்கரம் ஓட்டையில, சைக்கிளு தலைகீழா நிக்குது, ஆளைக் காணோம். வாய்க்கால்ல விழுந்து எந்திரிக்கறான். மார் மட்டுத் தண்ணி, நல்ல இழுப்பு. கரை அவனுக்குப் பின்னால மூணு அடி. கைய நீட்டினா புல்லு. ஆனா அவன் தண்ணி போற பக்கமாப் பாத்துட்டு, ரெண்டு கையையும் முன்னால நீட்டி, காத்தைத் தடவறான். அப்பறம் கூப்பிட்டான்.

"அண்ணா, எந்தப் பக்கம்?"

பயந்த மாதிரி கூட இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுல தடம் கேக்கற மாதிரி கேட்டான். திரும்புடா, உனக்குப் பின்னாலன்னு சொன்னேன். திரும்பினான். மறுக்காவும் கொஞ்சம் தப்பாத் திரும்பினான். நான் எறங்கி இடுப்பு மட்டும் போயி அவன் கையப் புடிச்சேன். ஒம்பது வருசம் கழிச்சுத் தொடறேன். சில்லுனு இருந்துது.

கரையில உக்கார வெச்சேன். மொழங்காலு தோல் போயிருந்துது, வேற ஒண்ணும் இல்லை. பை மெதந்து ஒரு நாணல்ல மாட்டியிருந்துது, நான்தான் போயி எடுத்தேன். ஃபைலை நான்தான் தொறந்தேன். காயிதமெல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துது. எல்லாம் இந்த ஆஸ்பத்திரிக் காயிதம்ங்க. கண்ணு படம் போட்டு, வட்டமா வரைஞ்சு, வட்டத்துல முக்கால்வாசி கருப்பு. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் புல்லு மேல காயப் போட்டு, பறக்காம இருக்கக் கல்லு வெச்சேன். அப்பத்தான் சொன்னான். கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு காஞ்சுட்டு வருதாம். ஓரமெல்லாம் போயிருச்சு, ஒரு குழாய்க்குள்ள பாக்கற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுதாம். கீழ தெரியாது, பக்கத்துல தெரியாது. வெள்ளையா ஒண்ணு முன்னால போனா அதைப் புடிச்சுட்டு வந்துருவானாம். இருக்கற கொஞ்சமும் போறதுக்குள்ள இந்த வாய்க்காலை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துரணும்னு இருந்திருக்கறான். கலாமணி வேண்டாம்னு எவ்வளவோ சொல்லியிருக்குது. அண்ணன் முன்னால போறாரு, எனக்கென்ன பயம்னானாம்.

அந்த ஃபைலை எதுக்குடா எடுத்துட்டு வந்தேன்னு மட்டும் கேட்டேன். ஆபரேசனுக்குக் கலாமணி போக இன்னொரு ஆளும் கூட வரோணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். மக கட்டிக் குடுத்தது தூரம், கைக்கொழந்தையோட இருக்குது. யாரு வருவாங்கன்னு கேட்டப்ப அவன் வாயில என்ற பேருதான் வந்துதாம். அதை எங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம காலையில இருந்து பைக்குள்ளயே வெச்சிருக்கறான்.

இந்த எடத்துல நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். இருக்கலை. அவன் ஒண்ணுமே கேக்காம நானா ஆரம்பிச்சேன். அந்த வருசம் மழை அப்படிடா, கரை சரிஞ்சுதுடா, நண்டு வளைடா, எடுத்து உட்டாலும் நின்னிருக்காதுடான்னு. எதுக்கு அதை அப்பச் சொன்னேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. அவன் நனைஞ்ச சட்டையப் புழிஞ்சுட்டே கேட்டான். நான் நிறுத்தினதுக்கப்பறம் மெதுவாச் சொன்னான்.

"அன்னைக்கு எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதுங்கண்ணா. நான் கரும்புக்குள்ள நின்னுட்டு இருந்தேன். மம்முட்டி உங்க கையில இருந்துது."

ஒரு கொக்கு அக்கரையில இருந்து இக்கரைக்கு வந்து உக்காந்துது. அதையே பாத்துட்டு இருந்தேன். அப்பறம் ஆமான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒம்பது வருசம் சொல்லாத வார்த்தை, ரெண்டு எழுத்து. நீ யாரு யாருகிட்டச் சொன்னேன்னு கேட்டேன். யாருகிட்டயும் இல்லைன்னான். கலாமணிகிட்ட? அவகிட்டயும் இல்லைன்னான். சொன்னா நீங்க எப்படிண்ணா ஊருக்குள்ள நடப்பீங்கன்னான்.

உங்களுக்கு ஒண்ணு தெரியுங்களா, நான் அதை நம்பலை. அப்ப நம்பலை. நிலத்தை இழந்துட்டு ஊரை உட்டுப் போறவன் பொண்டாட்டிகிட்டக் கூடச் சொல்லாமயா போவான்? ஆனா ஆபரேசன் அன்னைக்கு கலாமணி இதே பெஞ்சுல எங்கூட உக்காந்திருந்துது. பேச்சுக்கு நடுவுல, அந்த நண்டு வளை மட்டும் இல்லைன்னா நாம எல்லாம் அங்கயே இருந்திருக்கலாம் மாமான்னு சொல்லுச்சு. எனக்கு நிமிந்து பாக்க முடியலை. நடிக்கறதுக்கு அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க.

சைக்கிளு சக்கரம் கோணிக்கிச்சு, மெதிக்க முடியலை. மீதித் தூரம் தள்ளிட்டே நடந்தோம். என்ற சைக்கிளோட கேரியரை அவன் ஒரு கையில புடிச்சுக்கிட்டான், அவன் சைக்கிளையும் நான்தான் தள்ளினேன். கல்லு இருக்குது, இப்ப பள்ளம், எதுர ஆடு வருது, மாடு படுத்திருக்குது, எடது கைப்பக்கம் மஞ்சக்காடு, காலையில நெல்லுன்னு சொன்னது பொய்டா அதுவும் மஞ்சள்தான், வலது பக்கம் பொம்பளைங்க துணி தொவைக்கறாங்க, நேராப் பாக்காத, இப்படியே சொல்லிட்டு வந்தேன். என்ற ஆயுசுல ஒரே நாள்ல அவ்வளவு பேசுனதில்லை. மஞ்சளுக்குச் சிரிச்சான். எனக்குத் தெரியும்ணா, வாசம் வந்துதுன்னான். சாயங்காலம் நம்மூர் மதகுக்கு வந்து சேந்தோம். அங்க கொஞ்ச நேரம் நின்னு தண்ணி பிரியறதைக் கேட்டான். வயல் பக்கம் போலாமான்னு நான் கேக்கலை. அவனும் கேக்கலை. ஆறு மணி பஸ்ஸுல நானே பவானி வரைக்கும் கூடப் போயி உட்டுட்டு வந்தேன்.

ஊட்டுக்கு வந்து துளசிமணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், மம்முட்டி உட்பட. அன்னைக்கு நீங்க சேறும் மண்ணுமாக் கழட்டிப் போட்ட வேட்டியத் தொவைச்சது நான்தானேன்னா. ஒம்பது வருசம் ஒரே தட்டுல சோறு போட்டவ. இவளுக்கே தெரிஞ்சிருக்குதுன்னா ஊருக்குள்ள இன்னும் எத்தன பேருக்குத் தெரியுமோன்னு இப்ப அது ஒரு யோசனை. டீக்கடையில எவனாச்சும் சிரிச்சா எதுக்குச் சிரிக்கறான்னு பாக்கறேன்.

வலது கண்ணு போனது போனதுதான்னுட்டாங்க. எடது கண்ணுல ஆபரேசன் பண்ணி நாலு மாசமாச்சு. அழுத்தம் எறங்கிருச்சு, இருக்கற பார்வை நிக்கும்னு போன தரம் சொன்னாங்க. அந்த டாக்டரு சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கலை, இன்னொருத்தருகிட்டயும் காயிதத்தைக் காட்டிக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னாரு. மாசம் ஒருக்கா பவானிக்குப் போயி அவனைக் கூட்டிட்டு இங்க வர்றது நான்தான். கலாமணி வர்றேன்னா வேண்டாம்ங்கறேன்.

ஆனா ஒண்ணு இருக்குதுங்க. மம்முட்டி அவனுக்குத் தெரியும். அந்தப் பாலத்துல குழிய நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியாது. பாவம் அண்ணன், முன்னால போனவரு கவனிக்கலைன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருக்கறான். ஒவ்வொரு தரமும் பஸ்ஸுல சொல்லிறலாம்னு வாயத் தொறக்கறேன். அவன் ஜன்னல் பக்கம் மொகத்தை வெச்சுட்டு, அண்ணா இப்ப எந்த ஊருங்கறான். ஊரு பேரைச் சொல்றேன். அது போயிருது. உங்களுக்கு எதுக்குச் சொல்றேன்னா, நீங்க யாரோ, நான் யாரோ. அந்தப் போனை எதுக்கு அப்படிக் கவுத்து வெச்சிருக்கீங்க? ரெக்கார்டு ஒண்ணும் பண்ணலையே? சரி, சரி, கோவிச்சுக்காதீங்க.

இருங்க, கதவு தொறக்குது. நாச்சிமுத்துதான். சொட்டு மருந்து உட்டிருப்பாங்க, இன்னைக்கு அவனுக்கு வெளிச்சம் கூசும், ஒண்ணும் தெரியாது. அந்த நர்சம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுத்தான் வருது, ஆனா அது பேச்சு வேற ஆளுகூட. அந்த வாசல்ல ஒரு படி எறக்கம் இருக்குது, பாத்தீங்களா. அது சொல்லுமோ சொல்லாதோ. நான் போயிச் சொல்லிர்றேன்.